ஒரு சொல், இரு அந்துகள்: திருகோணமலைத் துறைமுகமும் கோதுமை மாவும்

துறைமுகம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோட்டைகளையும் கப்பற்படைகளையும் பற்றியே எழுதுவர். திருகோணமலைக்கு அத்தகைய வரலாறு குறைவின்றி உண்டு. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் மலையிற் கோட்டை எழுப்பியதும், ஒல்லாந்தர் 1639இல் அதனைக் கைப்பற்றியதும், 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து அதனைப் பறித்ததும், 1795இல் அது மீண்டும் பிரித்தானியர் வசமானதும், 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதன் மீது குண்டு வீசியதும், 1957இல் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டதும் நாம் நன்கறிந்த செய்திகளாம். ஆயினும் துறைமுகம் என்பது படைகள் வந்திறங்கும் இடம் மட்டுமன்று. உணவு வந்திறங்கும் இடமும் அதுவே. உணவோடு கூடவே, எவரும் அழையாத சில உயிர்களும் வந்திறங்குகின்றன. அத்தகைய சிறு பூச்சிகள் இரண்டின் வரலாற்றை ஒப்பிட்டு நோக்குவதும், அவ்வொப்பீடு நம் மாவட்டத்தின் உணவு வரலாற்றுக்கு எதனை உணர்த்துகின்றது எனக் காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்விரு பூச்சிகளையும் தமிழர் 'அந்து' என்னும் ஒரே சொல்லால் அழைப்பர். விளக்கொளியைச் சுற்றி வருவதனை விட்டில் என்கின்றோம். தானியத்திலும் மாவிலும் புழுத்து, மூடியைத் திறந்ததும் சாம்பல்நிறத் துகள்போலப் பறந்தெழுவதனை அந்து என்கின்றோம். இச்சொல் பூச்சியின் உடலமைப்பைக் கொண்டு அமைந்ததன்று. அது செய்யும் கேட்டைக் கொண்டு அமைந்தது. இல்லத்துக்கு அவ்வளவே போதுமானது. மாவிலே பஞ்சு போன்ற நூலாம்படையும் கட்டியும் காணப்பட்டால் 'அந்து பிடித்துவிட்டது' என்று கூறி, அரிதட்டை எடுக்கும் பெண்ணுக்கு அதற்கு மேல் ஒரு பெயர் வேண்டியதில்லை. ஆயின் களஞ்சியத்துக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் இந்த ஒரு சொல் போதாது என்பதனையே பின்வரும் வரலாறு காட்டுகின்றது.

நாம் ஒப்பிடப் புகும் இரண்டுள் ஒன்று, அறிவியலார் இன்று கட்ரா கௌத்தெல்லா என வழங்கும் வெப்பமண்டலக் களஞ்சிய அந்து. மற்றது எபெஸ்தியா கூனியெல்லா எனப்படும் மாவாலை அந்து. நெல்மணிக்குள்ளே புகுந்து உள்ளீட்டைத் தின்று வெளிவரும் நெல் அந்து இவ்விரண்டிலும் வேறானது. அது பிறிதொரு குடும்பத்தைச் சார்ந்தது. நம் இரண்டுமோ மிக நெருங்கிய உறவின. பூச்சியியலார் நெடுங்காலம் அவற்றை ஒரே சாதியில் வைத்து எண்ணினர் என்பதே அவ்வுறவின் அணுக்கத்துக்குச் சான்றாகும்.

முதலில் அவற்றின் தோற்றத்தை நோக்குவோம். களஞ்சிய அந்து சிறிது. சிறகுகளை விரித்தால் ஏறத்தாழ 14 முதல் 20 மில்லிமீற்றர் வரையிருக்கும். முன்சிறகு மங்கிய பழுப்புச் சாம்பல் நிறம். அதிலுள்ள கோடுகள் தெளிவற்றவை. மாவாலை அந்து சற்றுப் பெரிது. விரித்த சிறகு 20 முதல் 25 மில்லிமீற்றர் வரை செல்லும். முன்சிறகு ஈய நிறம். அதன் குறுக்கே கருமையான வளைகோடுகள் ஓடும். இரண்டுக்கும் பின்சிறகு வெளிறியது. இரண்டின் முதிர்ந்த பூச்சிகளும் நம் உணவைத் தீண்டுவதில்லை. ஓரிரு கிழமைகள் வாழ்ந்து, கூடி, முட்டையிட்டு மடிவதே அவற்றின் தொழில். உண்பதும் நூல் நூற்பதும் புழுக்களே.

புதிதாய்ப் பிடித்த பூச்சிகளை அருகருகே வைத்தால் இவ்வேறுபாடுகள் புலனாகும். ஆனால் சிறகின் செதில்கள் மாவில் உரசி உதிர்ந்துவிட்டால் நிறமும் கோடும் அழிந்துபோகும். அந்நிலையில் இனப்பெருக்க உறுப்புகளை உருப்பெருக்கியின் கீழ் ஆராய்ந்தே உறுதி கூற இயலும். இக்காரணத்தால் இவற்றையும் இவற்றின் உறவினங்களையும் அறிஞர்களே பல்லாண்டு மாறாட்டமாகப் பதிந்து வந்தனர். 1932இல் இலண்டனில் வெளியான றிச்சர்ட்ஸ், தொம்சன் என்போரின் ஆய்வு அம்மயக்கத்தைப் பெரிதும் நீக்கிற்று. 1956இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹைன்றிச், மாவாலை அந்துக்கு அனகாஸ்தா என்னும் புதிய சாதிப்பெயரையே வகுத்தார். பின்வந்தோர் அதனை மீண்டும் எபெஸ்தியாவிற் சேர்த்தனர். எனவே ஒரு பழைய நூலில் ஒரு பெயரைக் கண்டதும் அது இன்ன பூச்சியே எனத் துணிந்துவிடல் ஆகாது. அந்நூல் எவ்வாண்டினது என்பதனையும் நோக்குதல் வேண்டும்.

இனி அவற்றின் வரலாற்றுக்கு வருவோம். களஞ்சிய அந்துக்கு 1863இல் முதன்முதலாக அறிவியற் பெயர் சூட்டியவர் பிரான்சிஸ் வோக்கர். பிரித்தானிய நூதனசாலையின் செதிற்சிறகுப் பூச்சிகளுக்குப் பெரும் பட்டியல் வகுத்தவர் அவர். அவர் கையிலிருந்த மாதிரி இலங்கையினின்று சென்றது. ஆகவே உலகெங்கும் இன்று காணப்படும் இவ்வந்தின் அறிவியற் பெயருக்கு மூலவிடம் நம் தீவேயாகும். ஆனால் மூலவிடம் என்பது பெயர் சூட்டப்பட்ட மாதிரி கிடைத்த இடத்தை மாத்திரமே குறிக்கும். பூச்சி அங்கேதான் தோன்றியது என்பதற்கு அது சான்றாகாது. கப்பலேறித் திரியும் பூச்சியின் பிறப்பிடத்தை ஒரு மாதிரியைக் கொண்டு வரையறுத்தல் இயலாது. நம் தீவின் பெயரைக் கண்டு பெருமிதம் கொள்வதற்கு முன்னர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

பெயர் நம் நாட்டோடு தொடர்புற்றிருந்தும் அதனை எழுதியவர் நம் நாட்டிலிருந்து எழுதவில்லை என்பதும் சிந்தித்தற்குரியது. அக்காலத்து அறிவும் பண்டம் போலவே கப்பலேறிற்று. மூலப்பொருள் இங்கிருந்து சென்றது. பெயரும் விளக்கமும் அங்கிருந்து திரும்பி வந்தன. பிரடெரிக் மூர் எழுதிய 'இலங்கையின் செதிற்சிறகுப் பூச்சிகள்' 1880க்கும் 1887க்கும் இடையில் மூன்று பாகங்களாக வெளியாயிற்று. அதன் வண்ணப்படங்களுக்கு அடிப்படையான ஓவியங்கள் பேராதனைப் பூங்காவைச் சார்ந்து உழைத்த இலங்கையரான அல்விஸ் குடும்பத்தினரின் கைவண்ணம். கண்ணும் கையும் இங்கிருந்தன; நூலின் முகப்பிலோ அங்குள்ளவரின் பெயர் நின்றது.

களஞ்சிய அந்து வெப்பநாட்டுப் பண்டங்களோடு எங்கும் பரவியது. நிலக்கடலை, கொக்கோ, உலர்ந்த அத்தி, பேரீச்சை, வாதுமை, அரிசி, மா என்பன யாவும் அதற்கு உணவே. ஒவ்வொரு நாட்டு வணிகரும் தம் பண்டம் கெட்டதைக் கண்டு, அப்பண்டத்தின் பெயரையே அதற்கு இட்டனர். அதனால் ஒரே பூச்சி ஆங்கிலத்தில் வாதுமை அந்து என்றும் அத்தி அந்து என்றும் பல பெயர் பெற்றது. கேட்டைக் கொண்டு பெயரிடும் வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பது இதனாற் புலனாகும்.

மாவாலை அந்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. யேர்மனியின் ஹாலே நகரில் வேளாண்மைப் பேராசிரியராக விளங்கிய யூலியஸ் கூன், மாவாலையிற் பெருகிய ஓர் அந்தினைக் கண்டு, அதனைப் பூச்சியியலாளர் செல்லருக்கு அனுப்பினார். செல்லர் 1879இல் கூனின் பெயராலேயே அதற்குக் கூனியெல்லா எனப் பெயரிட்டார். அது அமெரிக்க மாவோடு வந்திருக்கலாம் என யேர்மனியில் எண்ணினர். 1889இல் கனடாவின் ஆலைகளில் அது பெருகியபோது அங்குள்ளோர் ஐரோப்பாவை நோக்கி விரல் நீட்டினர். ஆங்கிலத்தில் 'மத்தியதரைக்கடல் மா அந்து' என்னும் பெயரே இறுதியில் நிலைத்தது. வேண்டாத விருந்தினரின் ஊர் எப்போதும் அயலவரின் ஊரே என்பது நாடுகளின் பொது இயல்பு போலும்.

இவ்வந்து அக்காலத்திலே திடீரெனப் பேர்பெற்றமைக்குக் காரணம் பூச்சியிடத்திலன்று, ஆலையிடத்திலேயே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லாலைகள் மறைந்து உருளை ஆலைகள் எழுந்தன. இரவும் பகலும் ஓயாது இயங்கும் அவ்வாலைகளிற் குளிர்காலத்திலும் கதகதப்பு நிலவிற்று. மாவைத் தளத்துக்குத் தளம் கொண்டு செல்லும் குழாய்களும் மூலைகளும் புழுக்களுக்கு உறைவிடமாயின. புழு நூற்ற நூலாம்படை குழாய்களை அடைத்து ஆலையையே நிறுத்தியது. எனவே மாவாலை அந்தினைத் தொழிற்புரட்சியின் பூச்சி என்றாலும் பொருந்தும். களஞ்சிய அந்தோ பண்டகசாலையின் பூச்சி. அடுக்கிய மூடைகளின் மேற்பரப்பே அதற்கு உகந்த இடம். சாக்குகளின் மீது வெண்துகிலைப் போர்த்தாற்போலப் புழுக்கள் நூலிழைத்திருத்தலை அங்கே காணலாம்.

மாவாலை அந்து செல்வ நாடுகளின் ஆலைகளைத் தாக்கியமையால் ஆய்வுகூடங்களின் கவனம் அதன்பாற் சென்றது. 1911இல் யேர்மனியின் தூரிங்கியாவில் எர்ன்ஸ்ட் பேர்லினர், நோயுற்ற மாவாலை அந்துப் புழுக்களிலிருந்து ஒரு பற்றீரியத்தைப் பிரித்தெடுத்தார். 1915இல் அப்பிரதேசத்தின் பெயராலேயே அதற்குப் பெயரிட்டார். யப்பானில் 1901இலேயே பட்டுப்புழுவில் இஷிவாத்தா கண்டிருந்த அவ்வகை நுண்ணுயிரே இன்று உலகெங்கும் புழுக்கொல்லியாகப் பயன்படுகின்றது. 1930களில் கெத்திங்கனில் அல்பிரட் கூனும் ஏர்ன்ஸ்ட் கஸ்பாரியும் இதே அந்தின் கண்ணிறத்தை ஆராய்ந்து, பரம்பரையலகுகள் உடலில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்னும் வினாவுக்கு வழிதிறந்தனர். களஞ்சிய அந்தும் முற்றாகப் புறக்கணிக்கப்படவில்லை. பெண் அந்து ஆணைக் கவர்தற்கு வெளிவிடும் மணப்பொருள் இன்னதென 1971இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். ஆயினும் மாவைப் பற்றிய பாடநூல்கள் பலவற்றில் முதலிடம் பெறுவது குளிர்நாட்டு மாவாலை அந்தே. அந்நூல்களையே நாமும் கற்கின்றோம்.

இந்நிலையிலேதான் நம் துறைமுகத்தின் வரலாறு இப்பூச்சிகளின் வரலாற்றோடு வந்து சேர்கின்றது. கோதுமை இம்மண்ணில் விளையும் தானியமன்று. கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் தம்பலகாமத்து நெல்லே இம்மாவட்டத்தின் பழைய உணவு. பிரித்தானியர் காலத்தில் இலங்கை தன் அரிசியின் பெரும்பகுதியைக் கடல்கடந்தே பெற்றது. அதிலும் பர்மாவின் பங்கு பெரிது. 1942இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அவ்வரிசி நின்றது. அதே ஆண்டிலேயே திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. அரிசிக்குப் பங்கீடு வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. போர் முடிந்தும் மா போகவில்லை. பாணும் ரொட்டியும் மட்டுமன்றி, அரிசிமாவுக்கே உரியனவாயிருந்த பிட்டும் இடியப்பமும் கோதுமை மாவிற்கு இடங்கொடுத்தன. 1970களின் தட்டுப்பாட்டுக் காலத்திற் பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற கதையை நம் பெற்றோர் இன்றும் கூறுவர். ஒரு தலைமுறைக்கு முன்னர் மாற்றுணவாக வந்தது, அது கிடையாதவிடத்துப் பட்டினி என்னும் நிலைக்கு உயர்ந்துவிட்டது.

சிங்கப்பூரைச் சேர்ந்த பிரிமா நிறுவனம் 1977இல் இலங்கை அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி சீனக்குடாவில் அமைத்த மாவாலை 1980இல் இயங்கத் தொடங்கிற்று. ஒரே இடத்தில் அமைந்த மாவாலைகளுள் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றென அது எண்ணப்படுகின்றது. அதன் பின்னர், படைக்கலம் ஏற்றிய கப்பல்களுக்குப் பேர்பெற்றிருந்த குடாவினுள் கோதுமை ஏற்றிய கப்பல்கள் வந்தன. அங்கிருந்து மா நாடெங்கும் சென்றது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்தோருக்கு வழங்கப்பட்ட உலர் உணவிலும் கோதுமை மா முக்கிய இடம்பெற்றது. ஆகவே மாவைக் கெடுக்கும் பூச்சியைப் பற்றிய அறிவு, வேறு உணவுக்கு வழியற்றவனின் கலயத்தைப் பற்றிய அறிவுமாகும்.

அவ்வாறாயின் இவ்விரு அந்துகளுள் நாம் அஞ்சத்தக்கது எது? இதற்கு வெப்பநிலையே விடை கூறும். மாவாலை அந்து ஏறத்தாழ 25 பாகை வெப்பத்திற் செழிப்பது. 30 பாகையை அண்மித்த வெப்பத்தில் வளர்ந்த அதன் ஆண்கள் மலடாகின்றன எனச் சோதனைகள் காட்டியுள்ளன. களஞ்சிய அந்தோ 28 முதல் 32 பாகை வரையுள்ள வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் செழிப்பது. அந்நிலையில் ஒரு மாதத்துக்குள்ளாகவே முட்டை பூச்சியாகிவிடும். திருகோணமலையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை. வாடைக்காற்றுக் காலத்தில் ஈரத்துக்கும் குறைவில்லை. எனவே இக்கரையில் நிலைத்து வாழும் தகுதி களஞ்சிய அந்துக்கே மிகுதியாக உண்டு.

இது வெறும் பெயர் வேறுபாடன்று. குளிர்நாட்டு ஆலையினர் முன்னாளில் மாரிகாலத்திற் சன்னல்களைத் திறந்து வைத்துக் குளிரைக் கொண்டே அந்தினை ஒழித்தனர். நமக்கோ அத்தகைய மாரி இல்லை. அங்கே ஆலையின் குழாய்களைத் துப்புரவு செய்தல் முதற்கடன் ஆகலாம். இங்கே மூடை அடுக்கிய பண்டகசாலையும், கூட்டுறவுச் சங்கக் கடையின் பின்னறையும், நிவாரணப் பொருள் தேங்கிய கொட்டகையும் அதனினும் முதன்மையாகக் கவனிக்கத்தக்கன. அங்கே ஆண்டுக்குச் சில தலைமுறைகளே பெருகும். இங்கே மாதந்தோறும் ஒரு தலைமுறை தோன்றக்கூடும். பிறநாட்டு நூலின் காலக்கணக்கை அப்படியே எடுத்தாள்வோன் இரு மடங்கு காலந்தாழ்த்தியவன் ஆவான். முன்னர்ப் பெரிதும் நம்பப்பட்ட மெதயில் புரோமைட்டு என்னும் நச்சுப்புகையும், ஓசோன் படைக்கு ஊறு செய்வதால், 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் வழியே கட்டுப்படுத்தப்பட்டது. வளர்முக நாடுகளிலும் 2015 முதல் தொற்றுத்தடுப்பு போன்ற சில தேவைகளுக்கே அது எஞ்சியுள்ளது. மருந்தின் வலிமை குறையுமிடத்து அறிவின் தேவை மிகுகின்றது.

பொறிகளும் இவ்வறிவை நமக்குத் தந்துவிடமாட்டா. 1971இல் கண்டறியப்பட்ட அம்மணப்பொருளின் தலையாய கூறு களஞ்சிய அந்துக்கு மட்டுமன்றி, மாவாலை அந்துக்கும் வேறு சில உறவினங்களுக்கும் பொதுவானது என்பது தெளிவாயிற்று. எனவே அதனைத் தடவிய பொறியில் இவையனைத்தும் வந்து விழும். நம் மொழி அவற்றை ஒரே சொல்லால் அழைப்பது போலவே பொறியும் ஒரே மணத்தால் அழைக்கின்றது. வந்து விழுந்தது எது என்பதனைப் பிரித்தறிய வேண்டியது மனிதக் கண்ணே.

இங்கே நம் அடுக்களையின் பட்டறிவு ஒன்றனைக் குறிப்பிடாது விடலாகாது. ஈழத்துத் தமிழர் இல்லங்களில் கோதுமை மாவை வாங்கியதும், துணியிற் கட்டி நீராவியில் அவித்து, கட்டியுடைத்து, அரித்து வைத்துக்கொள்வர். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்த மாவே ஏற்றது. எங்கள் இல்லத்தில் அம்மம்மா இதனைச் செய்யும்போது 'அவிச்ச மாவிலை அந்து வராது' என்று கூறக் கேட்டிருக்கின்றேன். பிட்டு உதிர்வதற்காகவே அவர் மாவை அவித்தார். ஆயினும் அவர் கூற்றில் உண்மை உண்டு. 50 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் சில மணி நேரம் நீடித்தால் இவ்விரு அந்துகளின் முட்டையும் புழுவும் மடியும். கொதிநீராவியின் முன் அவற்றுக்குச் சில நிமிடங்களே போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அமெரிக்க ஆலையினர் ஆலை முழுவதையும் சூடாக்கிப் பூச்சியை ஒழிக்கக் கற்றனர். அதே நெறியை, காரணம் வகுத்துரையாமலேயே, நம் பெண்கள் நீற்றுப்பெட்டியில் நடத்தி வந்தனர். ஆனால் அவித்த மாவும் மூடியின்றி இருந்தால் மீண்டும் அந்து பிடிக்கும் என்பதனையும் கூறுதல் நேர்மையாகும். வெப்பம் உள்ளிருந்ததை அழிக்குமேயன்றி, வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது.

இதுவரை கூறியவற்றாற் பெறப்படுவது யாது? மேலோட்டமாக நோக்குவோர்க்கு ஒன்றெனத் தோன்றும் இரு சிறு பூச்சிகள் இருவேறு வரலாறுகளைச் சுமந்து நிற்கின்றன. ஒன்று வெப்பக்கரைகளின் பண்டத்தோடு உலகைச் சுற்றியது. மற்றது குளிர்நாட்டு ஆலையின் பெருக்கத்தோடு எழுந்தது. முன்னதன் பெயர் நம் தீவின் மாதிரி ஒன்றைக் கொண்டு எழுதப்பட்டிருந்தும், அதனைப் பற்றித் தமிழில் நாம் எழுதியது மிகச் சொற்பம். அந்து என்னும் சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. அது நல்ல சொல்; பழகிய சொல். அதன் முன்னர்க் 'களஞ்சிய' என்றும் 'மாவாலை' என்றும் அடைகொடுத்து வழங்கினாலே போதும். இல்லத்தின் சொல் அறிவியலின் சொல்லும் ஆகிவிடும்.

வரலாற்று மாணவர் கல்வெட்டைத் தேடிச் செல்வது போல, பூச்சியியல் மாணவர் நம் சங்கக் கடைகளுக்கும் பண்டகசாலைகளுக்கும் செல்லுதல் வேண்டும். கிடைத்த அந்து ஒவ்வொன்றிற்கும் ஊர், நாள், பண்டம் என்னும் மூன்றையும் குறித்து வைத்தல் வேண்டும். 1863இல் இலண்டனில் எழுதப்பட்ட பட்டியலில் நம் தீவின் பெயர் ஒரு சொல்லாக நின்றது. இனி எழுதப்படும் பட்டியலில் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், சீனக்குடா என ஊர்ப்பெயர்கள் நிற்றல் வேண்டும். அதனை எழுதும் கையும் நம் கையாதல் வேண்டும்.